சீனச் சந்தைக்கு எங்கள் சரக்கும் போக வேண்டும்: தேவாரம் வட்டாரத்தாரின் கோரிக்கைச் சாசனம்

தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, பொட்டிப்புரம், சங்கராபுரம், மேலச்சிந்தலைச்சேரி ஊர்களில் தென்னையும் வாழையும் மாவும் வைத்திருப்பவர்கள் நாங்கள். மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்களும், விடிவதற்குள் ஜீப் ஏறி அந்தத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்களும், போடியில் ஏலக்காய் சலித்துத் தரம் பிரிப்பவர்களும், கம்பம் பக்கம் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் எங்கள் உறவுக்காரர்களும் எங்களோடு சேர்ந்து இதை எழுதுகிறார்கள். மத்திய வணிக அமைச்சகம், வேளாண் ஏற்றுமதி ஆணையமான அபேடா, நறுமணப் பொருள் வாரியம், தமிழக வேளாண்மை உழவர் நலத்துறை, ரயில்வே, தேனி மாவட்ட நிர்வாகம் ஆகிய இடங்களுக்கு இந்தச் சாசனம் போகிறது.

2024-25 நிதியாண்டில் இந்தியா சீனாவிடம் வாங்கிய சரக்கு ஏறத்தாழ 11,345 கோடி டாலர். விற்றது ஏறத்தாழ 1,425 கோடி டாலர். அங்கே செய்த செல்போன் உறையும் பேட்டரி விளக்கும் தேவாரம் கடைத்தெரு வரை வந்து சேர வழி இருக்கிறது. எங்கள் தேங்காய் அங்கே போக வழி இல்லை. ஒரு விளைபொருளை உள்ளே விட சீனா மூன்று தாள் கேட்கிறது. அந்தப் பொருள் இந்த நாட்டிலிருந்து வரலாம் என்ற அனுமதி ஒன்று. அதைப் பதப்படுத்திய இடத்தின் பதிவு இன்னொன்று. பூச்சியும் மருந்து எச்சமும் வரம்புக்குள் இருக்கின்றன என்ற சான்று மூன்றாவது. விளைவிப்பது எங்கள் வேலை, அதைச் செய்துகொண்டிருக்கிறோம். தாள்கள் வாங்கித் தருவது உங்கள் வேலை. அவை ஏன் இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்பதே எங்கள் கேள்வி.

முதல் கோரிக்கை தேங்காய்க்கும் வாழைக்கும். எந்த நாட்டிலிருந்து எந்தப் பழம் வரலாம் என்று சீனச் சுங்கத் தலைமையகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இந்தியாவுக்கு நேரே இருப்பவை மாம்பழமும் திராட்சையும். மாம்பழத்துக்கு 2003இல் ஒப்பந்தம் ஆனது, திராட்சைக்கு 2005இல் ஆனது. மூன்றாவது பழம் அந்த வரியில் ஏறவே இல்லை. வியட்நாமும் எங்களைப் போல் சிறு விவசாயிகள் நிறைந்த நாடுதான். அவர்கள் வாழைக்கு 2022 நவம்பரிலும், தேங்காய்க்கு 2024 ஆகஸ்டிலும் சீனாவோடு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சீனாவில் தென்னை காய்ப்பது பெரும்பாலும் ஹைனான் தீவில். தேவைக்கு அது போதாமல் இந்தோனேசியா, வியட்நாம், தாய்லாந்திலிருந்து வாங்குகிறார்கள். அந்தத் தேவை எப்படி ஏறியது என்பதற்கு ஒரு கணக்கு: லக்கின் என்ற சீனக் காபிக் கடை நிறுவனம் 2021 ஏப்ரலில் தேங்காய்ப்பால் சேர்த்த காபி ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஓராண்டுக்குள் 10 கோடி கோப்பை விற்றது.

எங்கள் தோப்பில் மரம் ஏறுகிறவர் கூலி, உரிகூலி, வண்டி வாடகை எல்லாம் காய் விலையில்தான் கழிகிறது. வியாபாரி ஒருவர் மட்டும் வந்து நின்றால் அவர் சொன்னதுதான் விலை. இன்னொருவரும் கேட்கிறார் என்ற நிலை வந்தால் பேச்சே மாறிவிடும். ஆகவே தேங்காய், வாழை இரண்டுக்குமான பேச்சுவார்த்தை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வணிக அமைச்சகம் எழுத்தில் சொல்ல வேண்டும். இத்தகைய பேச்சில் முதலில் கேட்கப்படுவது அந்தப் பயிரைத் தாக்கும் பூச்சி, நோய்களின் முழு விவரம். அதைத் தொகுக்கத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், காசர்கோட்டில் மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. ஆறு மாதத்தில் விவரக் கோப்பு பெய்ஜிங் போய்ச் சேர வேண்டும். தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ 2016இல் பொள்ளாச்சியில் தென்பட்டதிலிருந்து தோப்பு தோப்பாகப் பரவிக்கொண்டிருக்கிறது. ஓலையின் அடியில் அது வெள்ளை வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்போது, கட்டுப்படுத்தும் வேலையையும் பேச்சையும் ஒரே நேரத்தில் தொடங்காவிட்டால் அடுத்த பத்தாண்டும் கைவிட்டுப் போகும்.

இரண்டாவது கோரிக்கை திராட்சைக்கு. இதற்கு அனுமதி இருபது ஆண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் ஏற்றுமதித் தோட்டங்கள் அபேடாவின் கிரேப்நெட் ஏற்பாட்டில் பதிவாகியிருக்கின்றன. 2006இல் வந்த ஏற்பாடு அது. எந்தப் பெட்டி எந்தத் தோட்டத்துக் குலை, என்றைக்கு என்ன மருந்து அடித்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியும். கம்பம் பள்ளத்தாக்கின் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் பந்தல்களும் அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும். ஓடைப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டியில் ஊருக்கு ஊர் முகாம் போட்டு, பட்டாவையும் ஆதாரையும் கொண்டுவந்தால் அன்றே பதிந்து தரும்படி அபேடாவும் தோட்டக்கலைத் துறையும் செய்ய வேண்டும்.

இங்கே கொஞ்சம் நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். நாம் பன்னீர் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்பார்கள். இதே ரகம் சீனாவிலும் உண்டு, தியான்ஜின் பக்கத்தில் பேர்போனது. அங்கே அதற்கு மெய்குய்ஷியாங் என்று பெயர். மெய்குய் என்றால் ரோஜா, ஷியாங் என்றால் வாசம். நம் பன்னீரும் ரோஜாவிலிருந்து இறக்கியதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு ஊர் விவசாயிகள் ஒரே பழத்தை முகர்ந்து ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த வாசத்தைச் சீன வீடுகளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை, அவர்கள் நாக்குக்குத் தெரிந்த பழம் இது. அங்கே ஆண்டுக்கு ஒரு முறை, கோடை முடியும்போது பழுக்கும். வடசீனத்தில் குளிர்காலத்தில் கொடியை மண்போட்டு மூடிவிடுவார்கள். இங்கே முறை வைத்துக் கவாத்து வெட்டி ஆண்டு முழுக்கப் பறிக்கிறோம். அவர்கள் கொடி மண்ணுக்குள் கிடக்கும் மாதங்களில் எங்கள் பந்தலில் குலை தொங்குகிறது.

பன்னீரின் தோல் மெலிது, காம்பை விட்டுச் சீக்கிரம் உதிரும் என்பதையும் நாங்களே சொல்கிறோம். கப்பல் பயணத்தைத் தாங்க அதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பறித்தவுடன் குளிரூட்டுவது, பெட்டிக்குள் பூஞ்சணம் தடுக்கும் தாள் வைப்பது, பழமாகப் போகாவிட்டால் சாறாகவும் கூழாகவும் அனுப்புவது என எல்லாவற்றையும் ஒரு பருவம் சோதித்து முடிவை ஊருக்குச் சொல்ல வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு ஏற்றுமதிப் பெட்டியில் ஏறுவதற்கு ஆராய்ச்சி நிலையம் ஒரு தேதி குறிக்க வேண்டும். மாம்பழத்துக்கும் அனுமதி இருக்கிறது. பழ ஈயின் முட்டையைக் கொல்லும் வெந்நீர் அல்லது நீராவிக் கூடம் பெரியகுளம் பக்கம் ஒன்று அமைந்தால் மாவட்டம் முழுவதற்கும் உதவும்.

மூன்றாவது கோரிக்கை பதிவைப் பற்றியது. 2021இல் சீனச் சுங்கத் தலைமையகம் 248, 249 என்ற எண்களில் இரண்டு ஆணைகளை வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெளிநாட்டில் உணவைத் தயாரிக்கும், பதப்படுத்தும், சேமித்து வைக்கும் இடங்கள் அவர்களிடம் பதிவு பெற வேண்டும், பதிவு எண் பொதியின் உள்ளுறையிலும் வெளியுறையிலும் அச்சாகியிருக்க வேண்டும் என்பது விதி. 248ஆம் ஆணையின்படி 18 வகை உணவுகளுக்கு நாமே நேராக விண்ணப்பிக்க முடியாது. நம் நாட்டு அரசு அமைப்பு பரிந்துரைத்தால்தான் நடக்கும். ஏலக்காய், மிளகு, வற்றல் மிளகாய் போன்ற நறுமணப் பொருள்களும், உலர்பழமும், வறுக்காத காபிக்கொட்டையும், தேனும் அந்த 18க்குள் வருகின்றன. மலைச்சரக்கு என்று நாங்கள் சொல்வதில் பாதி அங்கே அடங்கிவிடுகிறது.

அப்போது 2021 அக்டோபர் 31க்குள் நிறுவனங்களின் பட்டியலை அனுப்பும்படி சீனா கேட்டிருந்தது. ஏற்கெனவே கப்பல் ஏற்றிக்கொண்டிருந்த பெரிய நிறுவனங்களுக்கு அது ஒரு கடித வேலை. புதிதாக நுழைய நினைக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு எந்த மேசையில் தொடங்குவது என்பதே தெரியவில்லை. எங்களில் ஒருவர் முருங்கை இலைத்தூள் அனுப்ப ஆசைப்பட்டு முகவர் ஒருவரிடம் பணம் கட்டினார். ஐந்து மாதம் கழித்து, வகை எண் தவறாகப் போட்டிருக்கிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. தவறு ஒரு கட்டத்தில், ஒரே ஒரு எண்ணில். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள் இருந்திருந்தால் அந்த ஐந்து மாதமும் போயிருக்காது, பணமும் போயிருக்காது. ஆகவே போடியில், ஏலக்காய் ஏல மையம் இருக்கும் ஊரிலேயே, சீனப் பதிவுக்கு என்று ஒரு மேசை வேண்டும். அதில் தமிழ் பேசும் அலுவலர் உட்கார வேண்டும். விண்ணப்பத்தை 30 நாளில் பரிந்துரைத்து மேலே அனுப்ப வேண்டும், அல்லது எது குறை என்று எழுதித் தர வேண்டும். சீனா விதியை மாற்றும்போதெல்லாம் 15 நாளுக்குள் அந்த மாற்றம் தமிழில் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

நான்காவது கோரிக்கைக்குச் செலவே கிடையாது, ஒரு தாள் போதும். மருந்து எச்சத்துக்குச் சீனாவின் தேசியத் தரம் ஜிபி 2763. அதன் 2021ஆம் ஆண்டுப் பதிப்பில் 564 பூச்சிமருந்துகளுக்கு 10,092 வரம்புகள் இருக்கின்றன. விவசாயி அத்தனையையும் படிக்கத் தேவையில்லை. ஏலம், தென்னை, வாழை, திராட்சை, மா, முருங்கை என்று எங்களுக்கு ஆறு பயிர். இந்த ஆறுக்கும் எந்த மருந்து கூடாது, எது எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தாருங்கள். மருந்து டப்பாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிவப்பு முக்கோணம் கடும் விஷம், பச்சை முக்கோணம் குறைந்த விஷம் என்பது எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிக்கும் தெரியும், நிறம் அதைச் சொல்லிவிடுகிறது. ஆனால் பறிப்புக்கு முன் விட வேண்டிய நாள் கணக்கு, மடித்து ஒட்டிய தாளுக்குள், பல மொழிகளுக்கு நடுவில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் கிடக்கிறது. அதனால் கடைக்காரர் சொல்வதுதான் அளவு, பக்கத்துத் தோட்டக்காரர் அடிப்பதுதான் நாள். மாவட்டத்தின் எல்லா மருந்துக் கடைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், ஏல மையத்திலும் அந்தத் தாள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டப்பட வேண்டும். தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் இது நடக்க வேண்டும், ஏனென்றால் மழையோடு ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பும் தொடங்கிவிடும்.

ஐந்தாவது கோரிக்கை சோதனைக்கூடம். 2018இல் மருந்து எச்சத்தைக் காட்டிச் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் தடுத்தது. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதைக் கண்டு விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிறகு ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும் நறுமணப் பொருளுக்கு அந்தச் சோதனை கட்டாயம் ஆனது. தவறு எந்த ஆலையில் நடந்தாலும் பெயர் கெடுவது இந்திய ஏலக்காய்க்கு, இந்திய மிளகுக்கு. நறுமணப் பொருள் வாரியத்தின் தரச் சோதனைக்கூடங்கள் கொச்சியிலும் தூத்துக்குடியிலும் சென்னையிலும் இருக்கின்றன. ஐம்பது கிலோ வைத்திருக்கிற விவசாயி மாதிரிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு மலை தாண்டியோ மதுரை தாண்டியோ போக முடியாது. சரக்கு எங்கே கைமாறுகிறதோ அங்கே சோதனை நடக்க வேண்டும். போடியில் மருந்து எச்சமும் செயற்கை நிறமும் பார்க்கும் கூடம் அமையட்டும். மூன்று நாளில் முடிவு கிடைக்க வேண்டும். சிறு விவசாயிக்குக் கட்டணத்தில் பாதியை அரசு ஏற்க வேண்டும். ஏலத்துக்கு வரும் மூட்டையோடு சோதனை முடிவும் வந்தால், மருந்தடிப்பதில் நிதானமாக இருந்தவருக்கு அன்றே விலை கிடைக்கும். இப்போது நல்ல காயும் மற்றதும் ஒரே குவியலாகப் போகின்றன. நிதானமாக இருந்தவருக்கு அதனால் நட்டம், அடுத்த ஆண்டு அவரும் மற்றவர்போல் அடிக்கத் தொடங்குவார்.

ஆறாவது கோரிக்கை வேலையாட்களுக்கு. போடியில் தரம் பிரிக்கும் கூடத்துக்குள் நுழைந்தால் வாசம் முதலில் மூக்கில் ஏறும், பிறகு தூசி கண்ணில் ஏறும். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய் முதல் தரம், அதற்குக் கீழே விழுவது அடுத்தது. வெடித்ததையும் வெளுத்ததையும் கண்ணால் பார்த்துக் கையால் பொறுக்குவது பெண்கள். காலையில் குனிந்த கழுத்து மாலையில்தான் நிமிரும். சீனச் சுங்கத்தின் பதிவு, கூடத்தின் சுகாதாரத்தைக் கேட்கிறது: கைகழுவும் இடம், சுத்தமான தரை, பூச்சி வராத சன்னல், உடல்நலச் சோதனை. இதற்கெல்லாம் முதலாளி செலவு செய்யும்போது, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், முதுகு சாய உட்காரும் இருக்கையும், போதிய வெளிச்சமும், கூலிச் சீட்டும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவும் அதே பட்டியலில் சேர வேண்டும். தொழிலாளர் துறை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூடங்களைப் பார்வையிட்டு அறிக்கையை வெளியிட வேண்டும். மலைக்குப் போகும் ஜீப்புகளில் ஆட்களை அடைத்து ஏற்றுவதும் நிற்க வேண்டும். தேவாரத்திலிருந்து மலைமேல் உள்ள சாக்குலத்து மெட்டுக்குச் சாலை கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அதற்குத் தனியாக ஒரு சாசனம் எழுதும் அளவுக்கு விஷயம் இருக்கிறது, இங்கே நினைவூட்டி நிறுத்துகிறோம்.

ஏழாவது கோரிக்கை ரயில். 1928இல் போடிக்குத் தண்டவாளம் வந்தபோது அதன் பெரிய வேலையே மலைச்சரக்கை இறக்கிக்கொண்டு போவதுதான். அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்திய ரயில், 2023 ஜூன் 15இல் போடிக்குத் திரும்பி வந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து பெற்றோம். ஆட்கள் ஏறிப் போகிறார்கள், மகிழ்ச்சி. இனி சரக்கும் ஏற வேண்டும். போடியிலும் தேனியிலும் சரக்கு ஏற்றும் மேடையும், மதுரை வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் குளிர்பதனப் பெட்டி போகும் ஏற்பாடும் ரயில்வேயிடம் கேட்கிறோம். மாவட்டத்தில் அரசு கட்டியிருக்கும் குளிர்பதனக் கிடங்குகள் எத்தனை, ஒவ்வொன்றின் கொள்ளளவு என்ன, இந்த மாதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கை மாவட்ட நிர்வாகம் மாதாமாதம் வெளியிட்டால், எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து நாங்களே சரக்கைக் கொண்டுபோய் வைப்போம்.

எட்டாவது கோரிக்கை, வாங்குகிறவரின் ருசியைப் பற்றிய செய்தி எங்களுக்கு வர வேண்டும் என்பது. அண்மை ஆண்டுகளில் இந்திய வற்றல் மிளகாயை அதிகம் வாங்கும் நாடாகச் சீனா இருக்கிறது. குண்டூர் பக்கத்துத் தேஜா மிளகாயின் காரம் சிச்சுவான், சோங்சிங் ஊர்களின் கொதிகுழம்புச் சட்டிகளுக்குப் பிடித்துப்போனது. அந்தச் செய்தி நேரத்தோடு எட்டியதால் ஆந்திர விவசாயி அதற்கேற்ற ரகம் நட்டார். ஏலக்காயில் கதை வேறு. சீனச் சமையலில் புழங்குவது சாவோகுவோ என்ற பெரிய காயும் வெள்ளை ஏலமும். நம் சின்னப் பச்சை ஏலம் அவர்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. ஆனால் பால் சேர்த்த தேநீர்க் கடைகள் அங்கே தெருவுக்குத் தெரு பெருகிவிட்டன. மிஷுவே என்ற ஒரே நிறுவனத்துக்கு 45,000 கடைக்கு மேல். ஏலக்காய்த் தேநீர் குடித்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கோப்பையில் எதைப் போட வேண்டும் என்று தெரியும், ஒரு முறை அவர்கள் முன்னால் போட்டுக் காட்ட இடம் வேண்டும். 2018 முதல் ஒவ்வொரு நவம்பரிலும் ஷாங்காயில் பன்னாட்டு இறக்குமதிப் பொருட்காட்சி நடக்கிறது. அடுத்த நவம்பரில் அங்கே தேனி மாவட்டத்துக்கு ஒரு கடை போட வேண்டும், அதில் பேச எங்கள் ஆட்களும் போக வேண்டும். முருங்கை இலையைச் சீனச் சுகாதார அமைச்சகம் 2012இலேயே புதிய உணவுப் பொருளாக ஏற்றுக்கொண்டது. தமிழக அரசு அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் எங்கள் மாவட்டமும் இருக்கிறது. அந்த மண்டலத்திலிருந்து சீனாவுக்கு இதுவரை போனது எவ்வளவு என்று வேளாண் துறை சொல்ல வேண்டும்.

இதோடு சேர்ந்தது மொழி. உறையில் சீன மொழிச் சீட்டு இல்லாத பொட்டலம் அங்கே கடைக்குப் போக முடியாது. சீட்டில் ஓர் எழுத்துப் பிசகினாலும் துறைமுகத்தில் நின்றுவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் ஏற்றுமதிச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றும், அதோடு சீன மொழி வகுப்பும் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கட்டும். எங்கள் வீட்டில் படித்துவிட்டு வேலை தேடிச் சென்னைக்கும் திருப்பூருக்கும் போகும் பிள்ளைகளில் இருபது பேர் அந்த வகுப்பில் உட்கார்ந்தால், மூன்று ஆண்டில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வெளி முகவர் தேவைப்படாது.

கடைசிக் கோரிக்கை பதில். இந்தச் சாசனம் கையில் கிடைத்த 30 நாளுக்குள் ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு எழுத்தில் பதில் தர வேண்டும்: எது உடனே முடியும், எதற்கு எத்தனை மாதம், பொறுப்பான அலுவலரின் பதவி என்ன. 45ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் தலைமையில் தேவாரத்திலேயே கூட்டம் நடக்க வேண்டும். அதற்கு மண்டபம் நாங்கள் பிடிக்கிறோம். பதில் தமிழில் வரட்டும். வந்த பதில்களை அப்படியே தேவாரம் பேருந்து நிலையத்தில் ஒட்டுவோம், வராத துறையின் பெயரை எழுதி அதன் எதிரே இடத்தைக் காலியாக விட்டு வைப்போம்.